இரண்டாவது நாற்காலி

"இந்த வருஷமும் ரெண்டு நாற்காலிதானே?" என்று கடற்கரைக் கூடாரங்களை வாடகைக்கு விடும் ஃபிர்மினோ தியோலிண்டாவிடம் கேட்டார்.

ஆகஸ்ட் முதல் தேதி காலை. கேட்டவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் அடுக்கியிருந்த மடக்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அவற்றின் முதுகில் நீலப் பெயிண்டால் எழுதியிருந்த பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுக்க அவை அங்கேதான் கிடக்கும். தியோலிண்டா என்று எழுதியது முதலில் வந்தது. அதை ஒட்டிக்கொண்டு பின்னாலேயே அபீலியோ. ஒன்று போதும் என்று சொல்லத்தான் தியோலிண்டா வாயைத் திறந்தாள். பேருந்தில் வரும்போது அந்த ஒரு வரியை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தாள். வெளியே வந்தது வேறு.

"ஆமா. ரெண்டு."

"அவரு பின்னால வர்றாரா?"

"வருவாரு. பல்லு வலி. டாக்டர்கிட்ட போயிருக்காரு."

ஃபிர்மினோ இரண்டையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் இறங்கினார். தியோலிண்டா பைகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். சொன்ன பொய் ஒரு நாளைக்குத்தான் காணும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அபீலியோ மார்ச் மாதமே போய்விட்டான். ப்ராகாவில் அவர்கள் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் திரைச்சீலைக் கடை வைத்திருந்த லுசீலியாவின் வீட்டுக்கு, இரண்டு பெட்டிகளும் காபி போடும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு போனான். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் மற்றவர்களிடம் சொல்ல ஒரு கதையாவது இருந்திருக்கும். லக்ஸம்பர்க்கில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டான். ப்ராகாவில் எல்லாருக்கும் தெரியும். ரொட்டிக் கடையில் தெரியும், மாடிப்படியில் தெரியும், அவள் காலர் தைக்கும் சட்டை ஆலையில் மேற்பார்வை பார்ப்பவள் முதல் கக்கூஸ் கழுவுகிறவள் வரை தெரியும். தெரியாத இடம் என்று ஒன்று மிச்சமிருந்தால் அது போவா நகரத்துக் கடற்கரையின் இந்தக் கூடார வரிசை ஒன்றுதான். இங்கே வருகிறவர்கள் ஆளுக்கொரு ஊர். ஆகஸ்டில் ஒரு மாதம் ஒருவர் குசுவை ஒருவர் கேட்கிற தூரத்தில் இருப்பார்கள். மீதிப் பதினோரு மாதம் ஒருவர் வீட்டு முகவரிகூட மற்றவருக்குத் தெரியாது.

கடற்கரை என்றால் காலை நனைத்து விளையாடுகிற கடற்கரை இல்லை. முதுகுப் பக்கம் எட்டு மாடி, பத்து மாடி வீடுகள், கார்கள், ஐஸ்கிரீம் கடைகள், எல்லாம் நகரம். ஒரு சுவரைத் தாண்டி நாலு படி இறங்கினால் மணல். மணல் முடிகிற இடத்தில் பெருங்கடல். அதற்கப்புறம் கண்ணுக்கு ஒன்றுமே கிடையாது. முப்பது நாளில் இருபது நாள் கடலில் இறங்கக் கூடாது என்ற சிவப்புக் கொடிதான் பறக்கும். மஞ்சள் கொடி பறக்கிற நாட்களில் தண்ணீரில் கால் வைத்தால் கணுக்கால் எலும்பு விண்ணென்று தெறிக்கும். காலையில் மூடுபனி. மதியம் இரண்டு மணிக்கு வாடை கிளம்பிவிடும். வடக்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வந்து காலிலும் காதிலும் அடிக்கும். அதனால்தான் கூடாரங்கள் எல்லாமே தெற்குப் பார்த்த வாசலோடு, ஒன்றன் முதுகுக்குப் பின்னால் ஒன்றாக நிற்கின்றன. உட்கார்ந்தால் எதிரே தெரிவது அடுத்த கூடாரத்தின் முதுகுத் துணிதான். கடலைப் பார்க்க வலப்பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டும். பெரும்பாலோர் திருப்புவதில்லை. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்காலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கடல் காற்று நுரையீரலுக்கு நல்லது என்று ஒரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

தியோலிண்டாவுக்குக் கடல் பிடிக்காது. இருபத்தாறு வருடத்தில் முழங்காலுக்கு மேல் ஒருநாள்கூட அவள் நனைந்ததில்லை. அவளுக்குப் பிடித்தது கூடாரம். வாடை வந்து முதுகுத் துணியில் மோதும்போது துணி உப்பி உப்பி அடங்கும். பெரிய மிருகம் ஒன்று பக்கத்தில் படுத்து மூச்சு விடுவதுபோல இருக்கும். அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வரும். மார்ச்சுக்குப் பிறகு ப்ராகா வீட்டில் அவள் ஒரு இரவும் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை வாயைக் கசக்க வைத்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. முதல் தேதி மதியம் முப்பத்தொன்றாம் எண் கூடாரத்துக்குள் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியவள், விழித்தபோது ஐந்தரை மணி. வாயோரம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. கன்னத்தில் நாற்காலித் துணியின் வரி பதிந்திருந்தது. அவள் சிறிது நேரம் அசையாமல் அப்படியே கிடந்தாள். இந்த இடம் தனக்கு வேண்டும் என்று நினைத்தாள். அவன் வேண்டுமா என்பது வேறு கேள்வி. இடம் வேண்டும்.

பொய்க்குத் தினமும் தீனி போட வேண்டியிருந்தது. காலையில் வரும்போது அபீலியோ வாசிக்கும் பந்தாட்டப் பத்திரிகையை வாங்கி வந்து, நடுப்பக்கத்தை மடக்கி, அவன் நாற்காலிமேல் போட்டாள். அவன் விட்டுவிட்டுப் போன பழுப்புக் கம்பளிச் சட்டையை அதன் முதுகில் மாட்டினாள். வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கூவி விற்கிறவனிடம் சீனி தூவிய பன் எப்போதும்போல் இரண்டு வாங்கினாள். ஒன்றைத் தின்றாள். இன்னொன்றைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, சாயங்காலம் வாடகை அறைக்குப் போனதும் கட்டிலில் உட்கார்ந்து அதையும் தின்றாள். இரண்டாம் வாரம் பாவாடைக் கொக்கி போட முடியவில்லை.

இவளுடைய முதுகுத் துணிக்கு நேரே வாசல் வைத்திருப்பது முப்பதாம் எண், தோனா செலெஸ்தே. ஃபமலிக்காவோ ஊர்க்காரி. பருத்த உடம்பு. அவள் ரகசியம் பேசினால் கடலில் போகிற படகுக்குக் கேட்கும். அவள் புருஷன் ஒராசியோவின் தலைமையில் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் சீட்டாட்டம். ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும், இரண்டு இரண்டு பேராக ஜோடி. இருபது வருடமாக ஒராசியோவுக்கு ஜோடி அபீலியோதான். இந்த ஆகஸ்டில் மூன்று பேர் சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் முப்பத்தைந்தாம் எண்ணிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தபால்காரரைப் பிடித்து வந்தார்கள். அவருக்குத் தன் கையிலிருக்கும் துருப்பே தெரியாது.

"உன் புருஷன் எப்ப வர்றான்?" என்று ஒராசியோ துணிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார். "இந்த ஆளு கூட ஆடி ஆடி எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துடும்போல இருக்கு."

"காதுல விழுதுய்யா," என்பார் தபால்காரர்.

"விழட்டும்னுதான் சொல்றேன்."

"நாளைக்கு வருவாரு," என்பாள் தியோலிண்டா. முதல் வாரம் பல் வலி. இரண்டாம் வாரம் பட்டறையில் அவசர வேலை. மூன்றாம் வாரம், "இப்பதான் இங்க இருந்தாரு, காபி குடிக்க மேல போனாரு" என்று சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இப்போது அவன் போவாவில் இருக்கிறான் என்றாகிவிட்டது. சீட்டுப் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தோனா செலெஸ்தே கூடாரத்தின் ஓரத்தில் தலையை நீட்டி, உப்புமீனும் உருளைக்கிழங்கும் பிசைந்து பொரித்த உருண்டைகளை ஒரு தட்டில் வைத்தாள். "சாப்பிடு, மகளே. சூடா இருக்கு," என்றாள். தட்டில் மூன்று இருந்தன. எப்போதும் ஆறு வைக்கிறவள். அது தியோலிண்டாவின் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

பத்தொன்பதாம் தேதி பனி பத்து மணிக்கே விலகிவிட்டது. அபூர்வமான வெயில். எல்லாரும் நாற்காலிகளைக் கூடாரத்துக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். தியோலிண்டாவும் இரண்டையும் போட்டாள். சாப்பிட்ட பிறகு தன்னுடையதை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிப்போனாள். இரண்டு மணிக்கு வாடை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு பெரிய படார் சத்தத்தில் அவள் விழித்துப் பார்த்தபோது பத்திரிகையின் தாள்கள் பறந்துகொண்டிருந்தன. கம்பளிச் சட்டை முளைக்கயிற்றில் சிக்கிக் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி இல்லை.

அது தெற்கே உருண்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு குட்டிக்கரணம் அடிக்கும், கால் விரிந்து ஒரு கணம் நிற்கும், யாரோ உட்காரப் போவதுபோல. மறுபடி காற்று அதன் துணியைப் பிடித்துக் கவிழ்க்கும். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநாலு என்று ஒவ்வொரு வாசலையும் தாண்டிக்கொண்டு, முதுகில் எழுதிய நீல எழுத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு போனது. கம்பளிப் போர்வைகளுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. தியோலிண்டா வெறுங்காலோடு ஓடினாள். அவளை முந்திக்கொண்டு ஒராசியோ ஓடினார், எழுபது வயதில், கையில் விசிறிபோல் பிடித்த சீட்டுகளோடு. முப்பத்தெட்டாம் எண்ணின் கயிற்றில் அது தட்டி நின்றபோது அதன்மேல் ஏறக்குறைய விழுந்தேவிட்டார்.

தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது.

"ஆளு உக்காராத நாற்காலி காத்துக்கு நிக்காது, தோனா தியோலிண்டா," என்றார். "மடக்கி உள்ள வைங்க."

அவர் குரலில் கேலி இல்லை. அதனால்தான் அவளுக்குப் புரிந்தது. சுற்றிப் பார்த்தாள். தபால்காரர் தன் சீட்டுகளை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்துநாலாம் எண்காரி போர்வையை உதறினாள். அதில் மணல் இல்லை.

தோனா செலெஸ்தே அன்று முதல்முறையாக உண்மையாகவே ரகசியக் குரலில் பேசினாள். கூடாரத்துக்குள் வந்து, குனிந்து, தியோலிண்டாவின் காலில் ஒட்டிய மணலைத் தன் துண்டால் தட்டிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"என் ஒண்ணுவிட்ட தங்கச்சி ப்ராகாவுலதான் இருக்கா. ஈஸ்டர் அப்பவே சொல்லிட்டா."

"அப்ப எல்லாருக்கும்..."

"நான் யார்கிட்டயும் சொல்லல. ஒராசியோகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவரு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு." துண்டை உதறினாள். "நீ ரெண்டு பன்னு வாங்கறப்பல்லாம் நான் வேற பக்கம் திரும்பிக்குவேன். அட, ஒண்ணை எனக்குக் குடுத்திருந்தா நான் தின்னிருப்பேனே."

தியோலிண்டா சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ வேறொன்றாக மாறியது. செலெஸ்தே அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த காலைத் தட்டினாள்.

"அதை விடு. புஸ்தகத்துக்கு என்ன பண்ணப் போற?"

தியோலிண்டா மூன்று வாரமாக நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த விஷயம் அதுதான். ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை ஃபிர்மினோ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கூடாரம் கூடாரமாக வருவார். அடுத்த வருடமும் இதே இடமா என்று கேட்பார். யார் பெயரில் கூடாரம் இருக்கிறதோ அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். முப்பத்தொன்று அபீலியோ பெயரில் இருந்தது. அதற்கு முன் அவன் அப்பா பெயரில். போவாவில் இரண்டாம் வரிசையில் ஒரு கூடாரம் காலியானால் வருவதற்குக் கொட்டகைச் சுவரில் பன்னிரண்டு பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.

அவள் ஃபிர்மினோவிடமே போய்க் கேட்டாள். அவர் ஒரு முளையின் தலையைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"அவரு வரலைன்னா?"

"வரலைன்னா இடம் போச்சு."

"நான் இருக்கேனே."

"நீங்க இருக்கீங்க. யாரு இல்லைன்னது? புஸ்தகத்துல அவரு பேரு." கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தார். "அவரே வந்து நாற்காலிய எடுத்துட்டுப் போனா அது வேற. அப்ப கூடாரத்துல யாரு நாற்காலி மிச்சமோ அவங்களுக்குத்தான். இருபத்தெட்டாம் நம்பர் மருந்துக்கடைக்காரரு முழங்கால் போயி எடுத்துட்டுப் போனாரே, அப்ப அவர் தங்கச்சிக்குத்தானே எழுதினேன். ஆனா அவரே எடுக்கணும். நீங்க எடுத்துத் தெருவுல போட்டுட்டு வந்து சொல்லக் கூடாது."

"நான் அப்படிச் செய்வேனா?"

"நான் செஞ்சிருப்பேன்," என்றார் ஃபிர்மினோ.

அன்று சாயங்காலம் சுவரோரக் காபிக் கடையில் நின்றுகொண்டு அபீலியோவைக் கூப்பிட்டாள். மார்ச்சுக்குப் பிறகு அவன் குரலைக் கேட்கவில்லை. அவன் "ம்" என்றான். அவன் தொலைபேசியில் எப்போதும் அப்படித்தான். பின்னணியில் ஒரு தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. திரைச்சீலை தைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். தையல் நீளமாக, நேராகப் போய்க்கொண்டிருந்தது. சட்டை தைக்கிறவள், சத்தத்திலேயே அவளுக்குத் தெரியும்.

"கடைசிச் சனிக்கிழமை புஸ்தகம். நீ வந்து சொன்னாத்தான் எழுதுவாராம்."

"அது எங்க அப்பாவோட இடம்."

"தெரியும்."

"நான் அங்கதான் நடக்கவே கத்துக்கிட்டேன்."

"தெரியும், அபீலியோ. நம்ம பையனும் அங்கதான் நடந்தான்."

இயந்திரம் நின்றது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. அவன் கையால் பொத்திக்கொண்டு பதில் சொன்னது மந்தமாகக் கேட்டது. பிறகு, "லுசீலியாவுக்கும் மூச்சுத் தொந்தரவு இருக்கு. டாக்டர் கடல் காத்து நல்லதுங்கறாரு," என்றான்.

தியோலிண்டாவின் முன்னாலிருந்த காபி ஆறியிருந்தது.

"பாக்கலாம்," என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் பத்திரிகை வாங்கவில்லை. பன் ஒன்றுதான் வாங்கினாள். ஒருநாள் இரண்டு வாங்கி ஒன்றைத் துணிக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. மதியங்களில் கண்ணை மூடினாலும் தூக்கம் வரவில்லை. துணி உப்பி அடங்குவதை எண்ணிக்கொண்டு கிடந்தாள். அடுத்த ஆகஸ்டில் இந்தச் சத்தத்தை லுசீலியா கேட்பாள் என்பதைத் தவிர வேறெதையும் அவளால் நினைக்க முடியவில்லை. நல்ல மூச்சோ கெட்ட மூச்சோ, அந்தப் பெண் மேல் அவளுக்குப் பெரிய கோபம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள் இங்கே தூங்கக் கூடாது.

சனிக்கிழமை காலையிலிருந்தே சிவப்புக் கொடி. அலை கரையில் வந்து விழும்போது நாற்காலிக் காலில் அதிர்வு தெரிந்தது. நகரத்தின் சன்னல்களெல்லாம் உப்புப் படிந்து மங்கிப்போயிருந்தன. பன்காரன் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு நடந்தான். மூன்று மணிக்கு அபீலியோ வந்தான்.

ஊருக்குப் போட்டுக்கொள்ளும் தோல் செருப்பைக்கூட மாற்றாமல், முழுக்கால் சட்டையும் இஸ்திரி போட்ட மேல்சட்டையுமாக, மணலில் கால் புதையப் புதைய வரிசை நெடுக நடந்து வந்தான். மேல்சட்டையின் காலரை அவள் பார்த்தாள். ஓரம் பிசிறியிருந்தது. தனியாகத்தான் வந்திருந்தான். ஒராசியோ சீட்டைக் கையில் பிடித்தபடியே தலையை வெளியே நீட்டினார்.

"வாடா, ராசா! பல்லு வலி சரியாயிடுச்சா?"

உள்ளேயிருந்து செலெஸ்தே அவர் முதுகில் அறைந்த சத்தம் கேட்டது. அபீலியோ ஒராசியோவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். பல் வலி என்னவென்று அவனுக்கு விளங்கவில்லை. முப்பத்தொன்றின் வாசலுக்கு வந்து நின்றான். தியோலிண்டா அவன் நாற்காலியை விரித்து வைத்திருந்தாள். மடக்கி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை, அல்லது பயம். அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் பழைய பழக்கத்தில் வலது கையைக் கீழே விட்டு ஒரு பிடி மணலை அள்ளி விரல் வழியே விட்டான். காற்று அதைக் கீழே விழ விடவில்லை.

"காபி இருக்கு," என்றாள்.

ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்ததை அவன் குடித்தான். மூடியைத் திருப்பிக் கொடுத்தான். இருவரும் எதிரே இருந்த முப்பத்திரண்டின் முதுகுத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் பழைய ஒட்டு ஒன்று இருந்தது. எந்த வருடத்துப் புயலில் கிழிந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியும். கூடாரத்தின் வடமேற்கு முளை எப்போதும்போல் இளகி, காற்று அடிக்கும்போதெல்லாம் டக், டக் என்று ஆடிக்கொண்டிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் சீட்டு விழுகிற சத்தம் நின்றுவிட்டது.

அவள் கேட்க நினைத்தது நிறைய இருந்தது. லுசீலியாவைப் பற்றி ஒன்றுமில்லை. நான் இங்கேதான் தூங்குகிறேன், வேறெங்கும் முடியவில்லை என்று சொல்ல நினைத்தாள். இருபத்தாறு வருடம் பக்கத்தில் படுத்தவனிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நான் இங்க வந்து நல்லாத் தூங்கறேன்," என்று மட்டும் சொன்னாள். துணியைப் பார்த்துச் சொன்னாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல்முறையாகப் பார்த்தான்.

ஃபிர்மினோ நோட்டுப் புத்தகத்தை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். காது மடலில் பென்சில். தாள் பறக்காமல் இருக்கப் புத்தகத்தைச் சுற்றி ஒரு ரப்பர். முப்பதில், "அதேதான், வேற எங்க போறது, சாவுறவரைக்கும் அதேதான்," என்று செலெஸ்தே சொன்னது தெளிவாகக் கேட்டது. அவர் சுற்றிக்கொண்டு இவர்கள் வாசலுக்கு வந்தார். அபீலியோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரப்பரைக் கழற்றினார்.

"முப்பத்தொண்ணு. சேனியோர் அபீலியோ, அடுத்த வருஷமும் அதே பேருலதானே?"

முளை டக், டக் என்றது. அபீலியோ வலப்பக்கம் கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தான். அங்கே பார்ப்பதற்கு வெள்ளை நுரையும் சிவப்புக் கொடியும்தான் இருந்தன. ஃபிர்மினோ பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டுவிட்டுக் காத்திருந்தார். தியோலிண்டா ஃபிளாஸ்க் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. மறுபடியும் திருகினாள்.

அவன் எழுந்தான். கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு வடமேற்கு மூலைக்குப் போய், தோல் செருப்பின் குதிகாலால் அந்த முளையை மூன்று மிதி மிதித்தான். டக் சத்தம் நின்றது. திரும்பி வந்து குனிந்து, கம்பளிச் சட்டையை நாற்காலியின் முதுகிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தான். நாற்காலியை மடக்கினான். அது லேசாக மடங்கவில்லை. உருண்டு போன அன்று அதன் ஒரு கால் வளைந்திருந்தது. முழங்காலை வைத்து அழுத்தி மடக்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வரிசை நெடுக வாசல்களில் தலைகள் தெரிந்தன. அவன் எதையும் பார்க்காமல் படிகளை நோக்கி நடந்தான். காற்று நாற்காலித் துணியைப் பிடித்து அவனையே பக்கவாட்டில் திருப்பியது. நீல எழுத்து ஒரு கணம் வரிசை முழுவதற்கும் தெரிந்தது. அவன் நின்று, நாற்காலியை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, காற்றில் சாய்ந்தபடி நடந்து போனான்.